மருந்துக் கவுண்டரில் ஒரு சாப்பாட்டுக்கடை

மலேசியாவின் தெற்கே கூலாய் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கும் புதிதாக எழும்பிய தாமான் குடியிருப்புகளுக்கும் நடுவே இருந்த ஓர் அரசாங்க கிளினிக்கில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். மருந்தகத்தில் உதவியாளர் வேலை. மருந்துச் சீட்டைப் பார்த்து மாத்திரைகளை எடுக்க வேண்டும், பையில் போட்டு லேபல் ஒட்ட வேண்டும், இன்னொருவர் சரிபார்த்த பிறகு கவுண்டரில் நின்று பெயர் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். வாயைத் திறக்காமல் செய்தால் நிம்மதியான வேலை. நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், பாய் மாற்றலாகி வரும் வரைக்கும்.

எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம். மலாய்க்காரர்களுக்கு அவர் அபாங், அதாவது அண்ணன். அவருக்கோ உலகத்தில் இருந்த அத்தனை பேரும் பாஸ். டாக்டரும் பாஸ், தரை துடைக்க வருபவரும் பாஸ், நானும் பாஸ். பத்து பாகாட் என்ற ஊரில் அவர் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கடை இருந்தது. தாத்தா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் வளர்ந்தாராம். படித்து, வெள்ளை அங்கி போட்டு, மருந்து கொடுக்க வந்த பிறகும் அந்தக் கடை அவரை விட்டுப் போகவில்லை.

முதல் நாளே ஒரு மலாய்க்கார அம்மாவுக்கு மருந்து கொடுத்தார். "மெட்ஃபோர்மின் சாத்து! பிரஷர் மாத்திரை சாத்து! தே கொசோங் சாத்து!" என்று உள்ளே இருக்கும் சமையல்காரருக்குச் சொல்வதைப்போல ஏற்ற இறக்கத்தோடு கூவினார். எல்லாம் ஒவ்வொன்று, அதோடு சீனி இல்லாத தேத்தண்ணி ஒன்று. சர்க்கரை நோயாளிக்கு அவர் சொல்லும் புத்திமதி அவ்வளவுதான். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் எரிச்சல். வரிசை அப்படியே நின்றுபோயிருந்ததே!

மருந்தை அவர் சும்மா கொடுத்துவிட மாட்டார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், யார் சமைத்தது என்று மூன்று கேள்வி கேட்பார். முதல் இரண்டையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவது கேள்வி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"யாரு சமைச்சா உங்களுக்கு என்ன பாய்?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"தானே சமைச்சா உப்பைக் கொறைங்கன்னு அவங்ககிட்டயே சொல்லலாம் பாஸ். மருமக சமைச்சா மருமகளைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லணும். கடையில சாப்ட்டா எந்தக் கடைன்னு கேக்கணும்."

"எந்தக் கடைன்னு எதுக்கு?"

"அது சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது! ஊர் வம்பையெல்லாம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வார். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு எந்த ஷிப்ட், யார் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி, எல்லாம் அவருக்கு அத்துப்படி. நோயாளியின் பெயர் மறந்துபோகும், அவர் குடிக்கும் தேத்தண்ணி மறக்காது. "நம்ம தே ஓ லிமாவ் வந்துட்டாரு பாஸ்" என்பார். எலுமிச்சைத் தேத்தண்ணி யாரென்று நிமிர்ந்து பார்த்தால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்துகொண்டிருப்பார்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் இளைஞன் ஒருவன் எங்களிடம் மருந்து வாங்கிக்கொண்டிருந்தான். பிரஷர் இறங்கவே இல்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று டாக்டர் கேட்டால் போடுகிறேன் என்பான். பாய் அவனிடம் மாத்திரையைப் பற்றியே பேசவில்லை.

"எத்தனை மணிக்குப் பாலம் தாண்டுறீங்க பாஸ்? ஜாம் எப்படி?"

"ஐயோ, அதைக் கேக்காதீங்க பாய். சில நாளு நடுப்பாலத்துலயே நிக்கிறதுதான்."

"அவசரத்துக்கு ஒதுங்க இடம் உண்டா?"

பையன் அப்படியே வெட்கத்தில் சிரித்துவிட்டான். அவனுக்குக் கொடுத்திருந்ததில் ஒன்று சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை. ஒரு தடவை பாலத்தில் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டில், அதைத் தொடுவதையே விட்டுவிட்டான். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். பாய் அவனை மறுபடி டாக்டரிடம் அனுப்பினார். மாத்திரை வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு போடும்படி மாறியது, பிரஷரும் இறங்கியது. அன்றைக்கு நான் பாயைத் திட்டவில்லை.

எல்லாருக்கும் அவரைப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். "என் வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு உனக்கு என்னய்யா?" என்று ஓர் அம்மா பொரிந்து தள்ளிவிட்டுப் போனார். மருந்து வாங்க வந்தேன், பேட்டி கொடுக்க வரவில்லை என்று ஒருவர் மேலிடத்தில் புகார் செய்தார். எங்கள் மருந்தாளர் மலாய்க்காரப் பெண்மணி, நல்ல மனுஷி. நாங்கள் புவான் என்று கூப்பிடுவோம். அவர் பாயைக் கூப்பிட்டு, கேளுங்கள், ஆனால் மெதுவாகக் கேளுங்கள் என்றார். பாயும் அன்று முழுவதும் மெதுவாகப் பேசினார். அவருடைய ரகசியக் குரல் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் கேட்டது.

புவாசா என்னும் நோன்பு மாதம் வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. பகலில் சாப்பிடாமல் இருப்பவர்களுக்கு எந்த மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று டாக்டரும் புவானும் ஒவ்வொருவருக்கும் பார்த்துப் பார்த்து முடிவு செய்வார்கள். அதை எடுத்துச் சொல்வது பாயின் வேலை. "காலை மாத்திரை இனி புவாசா திறந்ததும்! சோறு சாப்பிடும்போது!" என்று ஒவ்வொரு மக்சிக்குக்கும், அதாவது மலாய்க்கார அம்மாவுக்கும், மலாயில் கூவுவார். பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் அது விழும்.

அப்படிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் லெட்சுமி அக்கா. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோய் உண்டு, மாதாமாதம் எங்களிடம் மருந்து வாங்குவார். பாய் கணக்கில் அவர் தே கொசோங்.

அடுத்த தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது லெட்சுமி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரப் பெண் மருந்து வாங்க வந்தார். பாய் ஒன்றுமே கேட்கவில்லை, அந்தப் பெண்ணே ஆரம்பித்தார்.

"எங்க லெட்சுமி அக்காவுக்கு இந்தத் தடவ முருகன் அருள் தெனமும் வருது பாய். சாயங்காலம் வெளக்கு வச்சு, பால் பழம் சாப்ட்டு, பஜனையில வந்து உக்காருவாங்க. பஜனை முடியுறப்ப வேர்த்துக் கொட்டும், ஒடம்பு நடுங்கும். நாங்க எல்லாம் அவங்க கையால திருநீறு வாங்கிக்குவோம்."

நான் அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பாய் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"தெனமும் அதே நேரமா?"

"ஆமா பாய், தெனமும்."

அந்தப் பெண் போன பிறகு என் பக்கம் திரும்பினார். "சாமி வர்றது சாமி இஷ்டம் பாஸ். அதுல நான் வாய் வைக்க மாட்டேன். ஆனா தெனம் ஒரே நேரத்துக்கு, அதுவும் வேர்த்துக்கிட்டு வந்தா, அது எனக்குத் தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கு."

"யாரு?"

"சர்க்கரை எறங்குறது."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சாமியைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. லெட்சுமி அக்கா மருந்து எடுக்க எப்போது வர வேண்டும் என்று மட்டும் கணினியில் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அக்கா வந்தார். முகம் வாடியிருந்தது, செருப்பு இல்லாத கால்.

"தே இன்னும் கொசோங்தானே அக்கா?"

"கொசோங்தான் தம்பி."

"சாப்பாடு?"

"வேளைக்குச் சாப்ட்டுடுறேன்."

பாய் தலையாட்டிக்கொண்டே மருந்துப் பையை எடுத்தார். "நாங்க நோன்பு தெறக்கிறப்ப மொத வாய்க்குப் பேரீச்சம்பழம். உங்கள்ல என்ன பழக்கம் அக்கா?"

"வாழைப்பழம் ஒண்ணு, ஒரு டம்ளர் பாலு" என்று சொன்ன அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சோறு?"

"மத்தியானம் மட்டும்."

"மாத்திரை எப்பப் போடுறீங்க?"

அக்கா மருந்துப் பையைப் பார்த்தார். பிறகு, "நீங்க சொன்ன மாதிரிதான்" என்றார்.

"நான் சொன்னேனா? எப்ப?"

"புவாசா மாசத்துல. இந்த பெஞ்சுலதான உக்காந்திருந்தேன். காலை மாத்திரையை புவாசா தெறந்ததும் போடுங்கன்னு எல்லாருக்கும் சொன்னீங்களே, ஊருக்கே கேட்டுச்சு. விரதம்னா விரதந்தானே. நானும் காலை மாத்திரையை அப்படியே சாயங்காலத்துக்கு மாத்திக்கிட்டேன்."

"அலமாக்!" என்றார் பாய். அந்த மனிதரின் குரல் உண்மையிலேயே தாழ்ந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். மக்சிக்குகள் நோன்பு திறந்ததும் வயிறு நிறையச் சோறு சாப்பிடுவார்கள், மாத்திரைக்கு வேலை இருக்கும். அக்கா சோறு சாப்பிடும் மத்தியானத்தில் மாத்திரை இல்லை. சாயங்காலம் வாழைப்பழமும் பாலும் உள்ளே போகும்போது காலை மாத்திரையும் சாயங்கால மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்து போனது. எங்கேயாவது மயங்கி விழுந்து, பக்கத்தில் ஆள் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பகீர் என்கிறது.

அக்கா கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி. விரதத்தை விடச் சொல்லிடுவாரு. எம் பேத்தி கொறமாசத்துல பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தப்ப, பால்குடம் எடுக்கிறேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். இப்ப அது தத்தித் தத்தி நடக்குது. நான் வாக்கு தப்பினா, புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

"சொல்லித்தான் ஆகணும் அக்கா. ஆனா விரதத்தை விடுங்கன்னு என் வாயால வராது. உங்களுக்கும் உங்க சாமிக்கும் நடுவுல நான் யாரு?"

அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார் போலிருந்தது. பாய் பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே வந்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கவுண்டரை விட்டு அப்படி வரக் கூடாது. நான் வாயை மூடிக்கொண்டு அவர் வரிசையையும் சேர்த்துப் பார்த்தேன். என்ன பேசினார்களோ, கொஞ்ச நேரத்தில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரோடு புவான் அறைக்குப் போனார்.

டாக்டர் இளைஞர், சீனர். முதல் வார்த்தையே விரதம் வேண்டாம் என்பதுதான். வேண்டாம் என்றால் இவர்கள் விரதத்தை விட மாட்டார்கள், நம்மிடம் சொல்வதைத்தான் விடுவார்கள் என்றார் புவான். டாக்டர் யோசித்தார், அக்காவைப் பரிசோதித்தார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்து மத்தியானச் சோற்றோடு போடச் சொன்னார். வீட்டில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி வேண்டும், எண் நாலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்றார். வேர்த்தாலோ நடுங்கினாலோ அந்த நிமிடமே இனிப்பாக ஏதாவது குடித்தாக வேண்டும், அப்படி அடிக்கடி வந்தால் விரதம் அத்தோடு சரி என்றார். அக்காவின் மகள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள்.

இனிப்புத் தண்ணீர் குடித்தால் விரதம் முறிந்துவிடுமே என்று அக்காவுக்குப் புதுக் கவலை. அன்று வேலை முடிந்ததும் பாய் வெள்ளை அங்கியோடு கோயில் வாசலுக்குப் போயிருக்கிறார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெளியே நின்று குருக்களைக் கூப்பிட்டிருக்கிறார். மறுநாள் காலையில் என்னிடம் கதை கதையாகச் சொன்னார்.

"பானகம் முருகனுக்கே படைக்கிறது, அதைக் குடிச்சா விரதம் எப்படிப் போகும்னு கேட்டாரு பாஸ். நல்ல மனுஷன். எத்தன டம்ளருக்கு எவ்வளவு வெல்லம்னு கேட்டேன். கடை போடப் போறீங்களான்னு சிரிக்கிறாரு!"

அக்காவின் நடுக்கம் நின்றது. ஒரு தடவைகூடப் பானகம் தேவைப்படவில்லை. ஆனால் பஜனையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு ஏமாற்றம், திருநீறு வாங்க முடியவில்லையே. அவர்களைவிட ஏமாற்றம் அக்காவுக்குத்தான். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் சர்க்கரை அளவைக் காட்ட வந்தபோது, கவுண்டரில் மெல்லக் கேட்டார்.

"சர்க்கரை நல்லா இருக்கு தம்பி. ஆனா சாமி வர்றதில்ல. அப்ப இத்தன நாளா எங்கிட்ட வந்தது அவன் இல்லையா?"

எல்லாருக்கும் ஏதாவது சொல்லி அனுப்புகிற பாய், அன்றைக்கு மருந்துப் பையை இரண்டு கையாலும் நீட்டினார், அவ்வளவுதான். அப்புறம் பகல் முழுக்க யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. வரிசை மளமளவென்று நகர்ந்தது. அது எனக்குக் கொஞ்சமும் சந்தோஷமாக இல்லை.

"அவங்க சாமியை நான் புடுங்கிட்டேனா பாஸ்?" என்று வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த ஆண்டுக் கடைசியில் அவர் பத்து பாகாட்டுக்கே மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது நான் வேறு கிளினிக்கில் இருக்கிறேன். தை பிறக்குமுன் பெண்கள் கவுண்டரில் வந்து, விரதம் இருக்கப் போகிறேன், மாத்திரையை என்ன செய்வது என்று வாய்விட்டுக் கேட்கும்போதெல்லாம் அவர் நினைப்பு வரும். கூடவே அந்தத் தைப்பூசக் காலையும் நினைவுக்கு வரும்.

நான் வீட்டாரோடு கோயிலுக்குப் போயிருந்தேன். தண்ணீர்ப் பந்தல் பக்கத்தில், கூட்டத்துக்கு நடுவில், கையில் ஒரு பெரிய பாட்டிலோடு பாய் நின்றிருந்தார். உள்ளே பானகம். லெட்சுமி அக்கா மஞ்சள் சேலையில் பால்குடத்தைத் தலையில் ஏந்தி வந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் மகள், இடுப்பில் அந்தப் பேத்தி. பாய் சாலையோரமாக அக்காவுக்குச் சமமாக நடந்தார். நடந்துகொண்டே, பக்கத்தில் வந்தவர்களிடமெல்லாம் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதற்றம் வந்தால் மனிதருக்கு வாய் நிற்காது.

கோயில் வாசல் தெரிந்ததும், மேளம் ஏறிய நேரம், அக்காவின் உடம்பு குலுங்கியது. கண்கள் மேலே போயின, கால்கள் துள்ளின. "வேல் வேல்" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒரு பெரியவர் ஓடிவந்து குடத்தைத் தாங்கிப் பிடித்தார்.

பாய் முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாட்டிலோடு பாய்ந்தார், நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சாமி வந்திருக்கு, தள்ளி நில்லுங்க!" என்று பெரியவர் அதட்டினார்.

"ஒரு நிமிஷம் ஐயா, ஒரே ஒரு சொட்டு ரத்தம்! தங்கச்சி, பாத்துடும்மா!"

மகள் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். பையிலிருந்து கருவியை எடுத்து, துள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் ஒரு கையைப் பிடித்து விரலில் குத்தினாள். கருவியில் எண் வரும்வரை பாய் மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியாது. நானும் விடவில்லை. அக்காவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்வை இல்லை. உலர்ந்து, திருநீறு அழியாமல் இருந்தது.

"ஆறு புள்ளி எட்டு" என்றாள் மகள்.

"எவ்வளவு?"

"ஆறு புள்ளி எட்டு அண்ணே! நல்லா இருக்கு!"

பாய் பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கினார். மேளம், உறுமி, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் மீறிக்கொண்டு, எங்கள் கவுண்டரில்கூட நான் கேட்டிராத ஒரு குரல் எழும்பியது.

"ஆறு புள்ளி எட்டு! இது சர்க்கரை இல்ல! இது ஒரிஜினல் சாமி!"

யார் என்ன புரிந்துகொண்டார்களோ, கூட்டம் மொத்தமும் "வேல் வேல்" என்று திருப்பி முழங்கியது. அக்கா ஆடிக்கொண்டே வாசலைத் தாண்டி உள்ளே போனார், பால்குடத்தில் ஒரு துளிகூடச் சிந்தவில்லை. பேத்தி என் தோளில் கைதட்டிச் சிரித்தது. பாய் வாசலுக்கு வெளியேயே நின்றுவிட்டார். கன்னத்தில் வழிவதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்துட்டாரு பாஸ்" என்றார். "அக்காகிட்ட வந்துட்டாரு."